காண…

லிங்க்கை ஊருக்கு அனுப்பும் முன்
எனக்கே ஒருமுறை அனுப்பிப் பார்ப்பேன்.
தொழில் பழக்கம்.
கல்மண்டபம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, மாடியில்,
ஜெராக்ஸ் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் என் நாற்காலி.
இறால் கம்பெனி, ஐஸ் பேக்டரி, ஒரு பாக்சிங் கிளப்
இவர்களுக்கெல்லாம் பக்கம் கட்டித் தருகிறேன்.
பக்கத்தை யாரும் படிப்பதில்லை.
கைப்பேசியில் வந்து விழும் அந்தச் சின்னச் சதுரம்,
ஒரு படம், ஒன்றரை வரி, அடியில் பொடி எழுத்தில் முகவரி.
அதுதான் கடை.
உள்ளே இருப்பதெல்லாம் குடோன்.

கோமளா வந்தது ஆடி மழை விட்ட ஒரு மத்தியானம்.
பைபர் போட்டில் தனியாகப் போன தேசிங்கு
இரண்டு ராத்திரியாய்த் திரும்பவில்லை.
அவசரத்துக்கு
ஐஸ் பேக்டரியின் தளத்திலேயே ஒரு பக்கம் திறந்தேன்.
எனக்கே அனுப்பிப் பார்த்தேன்.
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
வெள்ளையாய் ஒரு ஐஸ் பார்.
அதன் கீழே அவன் பெயர்.
சட்டென்று கைப்பேசியைக் கவிழ்த்தேன்.
அவள் பார்த்தாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

அவளிடம் இருந்தது ஒரே போட்டோ,
மச்சினன் கல்யாணத்தில் நெட்டுக்க எடுத்தது.
சதுரத்துக்கு நெட்டு ஆகாது, நடுவை மட்டும் கவ்வும்.
சட்டைப் பாக்கெட் வந்தது, பேனா வந்தது,
கழுத்துக்கு மேல் இல்லை.
'தலிய காட்டுக்கா' என்றாள்.
வெட்டினேன், நகர்த்தினேன், இன்னும் ஒரு விரல் மேலே.
முகம் வந்தது. கூடவே
தோளில் கிடந்த யாரோ ஒருவரின் நான்கு விரல்கள்.
இருக்கட்டும் என்றாள்.

இந்தத் தடவை அவள் கைப்பேசிக்கு அனுப்பினேன்.
தலைப்பு நீளம், சதுரம் கொள்ளவில்லை.
'காசிமேடு மீனவர் தேசிங்கு காண…'
மூன்று புள்ளி.
எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
'காண' என்றாள். அங்கேயே நின்றாள்.
கீழே ஒரு தண்ணி லாரி ஆரன் அடித்தபடி இருந்தது.
ஊரையும் தொழிலையும் எடுத்துவிட்டு
'தேசிங்கு காணவில்லை' என்று முழுசாக நிறுத்தினேன்.
சரியாக இருந்தது.
ரொம்பச் சரியாக.

பழவேற்காடு போயிற்று, கிருஷ்ணப்பட்டினம் போயிற்று,
துபாயில் யாரோ இரண்டு கும்பிடு வைத்தார்.
பக்கத்துக்குள் வந்தவர் பதினாலு பேர்.
அதில் ஆறு நான்.

நாலாம் நாள்
நெல்லூர் விசைப்படகு ஒன்று அவன் போட்டை இழுத்து வந்தது.
இன்ஜின் புகைந்து நின்றுபோக,
தெண்டி வடக்கே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.
உதடெல்லாம் வெடிப்பு.
பக்கத்தை மாற்றினேன், 'தேசிங்கு கரை சேர்ந்தார்.'
அனுப்பிப் பார்த்தேன்.
சதுரம் சொன்னது, தேசிங்கு காணவில்லை.
முதல் தடவை பார்த்ததை அது மறப்பதில்லை.
மறுபடி எட்டிப் பார்க்கச் சோம்பல்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தவனுக்கே
எண்ணூர் பெரியம்மாவிடமிருந்து வந்தது.
'அதிகம் பகிரவும்.'
நேரே மாடி ஏறினான், கைலியில் டீசல் வாடை.
'நா இங்க கீறேன். இது இன்னான்றது?'
லிங்க்கின் வாலில் ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் ஒரு 2.
புதுசென்று ஏமாந்து சதுரம் எட்டிப் பார்த்தது.
கரை சேர்ந்தார்.
'அப்போ அந்தப் பழசு?'
'அது சுத்தும்.'
'எத்தினி நாளு?'
தெரியவில்லை என்றேன்.
யோசித்தான்.
பைனான்ஸ்காரனுக்கு மட்டும்
பழசையே அனுப்பிவிட்டு இறங்கிப் போனான்.

போன வாரம் கோமளா ஆதார் நகல் எடுக்க வந்தாள்.
நம்பர் தேடி நகர்த்தும்போது
என் பெயருக்குக் கீழே அது அப்படியே கிடந்தது.
வந்து விழுந்தபின் சதுரம் மாறாது.
அவன் முகம், யாரோ ஒருவரின் நான்கு விரல்கள்,
தேசிங்கு காண…
'அழிச்சிடட்டா?'
'வேணாங்க்கா. தண்ணிக்குப் போயிருக்கு.'

தொட்டால் பக்கம் திறக்கும்.
அவள் தொடுவதில்லை.